அண்ணி ரவுட்டரை மாற்றி எழுதிய ஞாயிறு

'ஆள் வேலை செய்கிறார்' என்று வெள்ளை எழுத்தில் ஒரு சிவப்பு அட்டை. கும்மிடிப்பூண்டி உருக்காலையில் எலக்ட்ரீஷியனான அண்ணனின் பையில் எப்போதும் கிடக்கும். அந்த ஞாயிறு மத்தியானம் அதை எடுத்து வீட்டு ஸ்விட்சில் மாட்டியவர் அண்ணி.

மறுநாள் பத்து மணிக்கு அவருக்கு வீடியோ நேர்காணல். பேக்கிங் லைனில் வருடக்கணக்காக நின்றே வேலை பார்த்தவர், தரப் பரிசோதனை அறையின் நாற்காலியை முதன்முதலாக எட்டிப் பார்த்த நேரம். எங்கள் சந்தில் செல்போன் சிக்னல் வாசலோடு திரும்பிவிடும். வைஃபையோ பேசப் பேச அறுந்தது. புது ரவுட்டர் வாங்கலாம் என்றார் அண்ணன்.

"பொட்டி நல்லாத்தான்யா கீது. உள்ள கீற ஃபர்ம்வேருக்குத்தான் வயசாய்ட்ச்சி. கம்பெனிக்காரனே அத்த கைவுட்டுட்டான்" என்றார் அண்ணி.

முகம் தெரியாத யார் யாரோ எழுதி, ஊருக்கெல்லாம் இலவசமாகத் தந்திருந்த வேறொரு ஃபர்ம்வேரை, அதாவது ரவுட்டரை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளை, லேப்டாப்பில் இறக்கினார். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த மாடல் எண்ணோடு மூன்று முறை ஒப்பிட்டார். பழையது அழிந்து புதியது பதியும் சில நிமிடங்கள் கரண்டு போகக் கூடாது. யாரும் ஸ்விட்சைத் தொட்டுவிடாதிருக்கத்தான் அட்டை.

பதிவு பாதி ஓடுகையில், குளித்துவிட்டு வந்த அண்ணன் அட்டையைப் பார்த்தார். நேராகப் போய் மெயின் ஸ்விட்சை இறக்கினார். ஃபேன் நின்றது. ரவுட்டர் அணைந்தது.

"யோவ், இன்னாய்யா பண்ண?"

"போர்டு மாட்டிக்கிதே! லைன இறக்காம பின்ன இன்னாம்மே செய்வாங்க?"

அந்த அட்டை தெரிந்தால் கரண்டை நிறுத்துவது ஆலையில் உயிர் காக்கும் வழக்கம். கண் பார்த்ததும் கை முந்திக்கொண்டது. மெயினைத் திரும்பப் போட்டால், ரவுட்டரில் ஒற்றை விளக்கு எரிந்தபடி உறைந்திருந்தது. அண்ணன் முகம் அதைவிட உறைந்திருந்தது.

அண்ணி திட்டவில்லை. "சாவல, மயக்கந்தான்" என்றபடி வளையலில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்தார். இப்படி ஆனால் என்ன செய்வதென்று முன்பே படித்து எழுதி வைத்திருந்தார். பின்புற ரீசெட் துளையில் ஊக்கை அழுத்திக்கொண்டே ரவுட்டரை அணைத்து மீண்டும் போட்டார். விளக்கு சிமிட்டத் தொடங்கியது. கேபிள் வழியே அதே ஃபர்ம்வேரை இன்னொருமுறை அனுப்பினார். பக்கத்தில் நின்ற நானும் சேர்த்து மூவரும் மூச்சைக்கூட மெதுவாக விட்டோம். லேப்டாப்பில் ரவுட்டரின் புதுப் பக்கம் திறந்தது.

மறுநாள் நேர்காணல் ஒருமுறைகூட அறுபடவில்லை. முடியும்வரை அண்ணன் வாசலில் மீட்டர் பெட்டிக்கு முதுகு கொடுத்து நின்றார். "இன்னா நைனா, ஊட்ட உட்டுத் தொரத்திட்டாங்களா?" என்றார் எதிர்வீட்டுக்காரர். "சும்மா போ நைனா, உள்ள கேக்கப்போவுது" என்றார் அண்ணன்.

வேலை கிடைத்தது. இப்போது சந்தில் யார் வீட்டு ரவுட்டர் முடங்கினாலும் அண்ணியைத்தான் கூப்பிடுகிறார்கள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அண்ணனும் கூடப் போகிறார். போனதும் அவர் கேட்கும் முதல் கேள்வி, மெயின் எங்கே இருக்கிறது என்பதுதான். அதன் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறார்.