நிறுத்தச் சொல்லாத ஏழு வரிகள்

ஏழு வரி எழுதிவிட்டு என்னை நானே மேதை என்று நம்பிய காலம் ஒன்று உண்டு. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அப்போது வயது முப்பத்தெட்டு, தலையில் பாதி காலி. அறியாத வயது என்று தப்பிக்கவும் வழியில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில், மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்யும் சிறிய கம்பெனி. கடைக்காரரே எங்களுக்கும் முதலாளி. புரோகிராம் எழுதுவதோடு அதற்குக் கையேடு தயாரிப்பதும் என் தலையில் விழுந்தது. ஒவ்வொரு திரையையும் படம் பிடிக்க வேண்டும். கையால் பிடிப்பது கௌரவக் குறைச்சலாகத் தோன்றியதால், கணினி தானே செய்துகொள்ள ஏழு வரியில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன்: திரையைப் படமெடு, நேரத்தையே அதற்குப் பெயராக வை, இரண்டு நிமிடம் தூங்கு, மறுபடி எடு. எப்போது நிறுத்துவது என்றும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். அழகு கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன்.

அதைப் பக்கத்து மேஜைப் பெண்மணியின் கணினியில் ஓடவிட்டேன். நாங்கள் எழுதுவதையெல்லாம் சோதித்துப் பார்ப்பது அவர் வேலை. எல்லாத் திரைகளும் அங்கேதான் வந்து போகும்.

"எடுத்துக்கோங்க சார். மத்தியானத்தோட முடிஞ்சிடுமில்ல?"

"பன்னெண்டுக்கு நிறுத்திடறேம்மா."

பன்னிரண்டு மணிக்கு நான் கீழே காபி குடித்தபடி யாரிடமோ என் ஏழு வரியின் பெருமையை அளந்துகொண்டிருந்தேன். நிறுத்த மறந்தே போனது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எதை அச்சிட்டாலும் முதல் பிரதியின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் படத்தின் முன் வைத்த பிறகுதான் முதலாளி தொடுவார். "பத்தரைக்கு ராகுகாலம்லா, அதுக்குள்ள வச்சிரணும்" என்று மூன்று முறை சொல்லிவிட்டார். படங்களைப் பார்த்துப் பொறுக்க நேரமில்லை. இருந்ததையெல்லாம் வரிசையாக அச்சிட்டு, ஸ்பைரல் போட்டு, பத்து இருபத்தைந்துக்கு மஞ்சளோடு வைத்தேன். ஊருக்கெல்லாம் பகுத்தறிவு பேசுகிறவன் நான்.

முதலாளி கற்பூரம் காட்டிவிட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நோயாளி பதிவு. படுக்கை ஒதுக்கீடு. மருந்துப் பட்டியல். அதற்கடுத்து, உணவு இடைவேளையில் அந்தப் பெண்மணி ஆதம்பாக்கத்துக் கம்பெனி ஒன்றுக்கு எழுதிய வேலை விண்ணப்பம். இரண்டு நிமிடத்துக்கு ஒரு படமாக, ஆறு பக்கத்துக்குக் கடிதம் வளர்ந்துகொண்டே போனது. வீடு அங்கேயே என்பதால் பக்கவாதத்தில் கிடக்கும் மாமியாரை நடுப்பகலில் ஒரு தரம் போய்த் திருப்பிப் படுக்கவைக்க முடியும், முதுகில் புண் வைத்துவிட்டது என்று ஆறாவது பக்கத்தில் இருந்தது.

"என்னம்மா, வேற எடம் பாத்தாச்சோ? சரி, இன்னிக்கே கெளம்பிருங்க."

"தப்பு என்னுது சார்" என்றேன்.

"உம்ம தப்ப அப்புறமா பேசுவோம்."

பேசவேயில்லை. கையேட்டை யாராவது முடிக்க வேண்டுமே.

ஆதம்பாக்கத்துக்காரர்கள் அவரைப் பற்றி விசாரித்துத் தொலைபேசியில் அழைத்தார்கள். "இங்க இருந்துகிட்டே வெளிய தேடுனவுக" என்று முதலாளி சொன்னது என் காதில் விழுந்தது. அந்த வேலையும் போயிற்று.

சில மாதங்கள் கழித்து மயிலாப்பூர் குளத்தருகே பஸ் ஸ்டாப்பில் அவரைப் பார்த்தேன். மாமியார் போய்விட்டாராம், புண் எலும்புவரை போய்விட்டதாம். வேலை இன்னும் கிடைக்கவில்லை. அந்த ஸ்கிரிப்டை நான் எழுதியே இருக்கக் கூடாது என்று தடுமாறினேன்.

பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"அப்படிச் சொல்லாதீங்க சார். நீங்க எழுதினதை மூணு வருஷம் டெஸ்ட் பண்ணியிருக்கேன். சொன்னதைச் சொன்னபடி செஞ்சது அது ஒண்ணுதான்."