மாவுக்கட்டுக்காரரின் மணிக்கட்டு

கையை நீட்டச் சொல்லி, முதலில் விரல்களை முகர்ந்து பார்க்கிறார் கலியமூர்த்தி. எதிரே இருப்பவர் உழவர்கரை லாரி டிரைவரா, பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் முன்னாள் சிப்பாயா என்பதெல்லாம் அவருக்கு ஒன்றுதான். சிகரெட் வாசனை வந்தால் மாவு வாளியைத் தள்ளி வைத்துவிடுவார். "புகைய நிறுத்துனாதான் எலும்பு ஒட்டும். இல்லன்னா நான் போடறது கட்டு இல்ல, வெள்ளையடிக்கிறது."

ஸ்கூட்டரிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டு போன என் விரல்களையும் அவர் விடவில்லை. காலையில் நான் தின்ற கருவாடுதான் அகப்பட்டது.

முத்தியால்பேட்டையில் ஓர் எலும்பு ஆஸ்பத்திரியில் இருபத்துமூன்று வருடமாக மாவுக்கட்டு போடுகிறார். நனைத்த மாவுத்துணியைச் சுற்றிவிட்டு, வலது கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி வழிப்பார். காய்ந்ததும் பிரிக்கும் தேதியைக் கட்டின் மேலேயே பெரிதாக எழுதுவார். கட்டு அறுக்கும் ரம்பம் இருக்கிற அலமாரியின் சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில் ஊக்கு போட்டுத் தொங்கும். கூட வேலை பார்க்கும் தீபலட்சுமிக்குப் பத்து வருட அனுபவம் உண்டு. இருந்தாலும் மணிக்கட்டு என்றால் அந்தம்மாவைக் கிட்டே விடமாட்டார். தான் போட்ட கட்டு எதுவும் தன் பேரைக் கெடுத்ததில்லை என்பார். பெருமைதான், ஆனால் பொய் இல்லை. இன்று என் கை நேராக இருக்கிறது என்பதை நானும் ஊரெல்லாம் காட்டிக்கொண்டுதான் திரிகிறேன்.

பேரைக் கெடுத்தது அவருடைய சொந்தக் கை. ஆஸ்பத்திரிப் படியில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். கட்டைவிரலுக்கு அடியில், முந்திரிக்கொட்டை அளவில் இருக்கும் எலும்பு இரண்டாகிவிட்டது. சுளுக்கு என்று தைலம் தேய்த்தே ஒரு மாதம் ஓட்டினார். பிறகு அதே ஆஸ்பத்திரியின் டாக்டர் சாந்த்ரின் என்பவர் ஆபரேஷன் செய்து, எலும்பைப் பிடித்து நிறுத்த ஒரு திருகு வைத்தார். தீபலட்சுமி துணியைப் பிடிக்க, இடது கையால் தன் கட்டைத் தானே போட்டுக்கொண்டார் மனிதர்.

மூன்றாவது வாரமே வேலைக்கு வந்துவிட்டார். கட்டுப் போட்ட கையை வாளித் தண்ணீருக்குள் விட முடியுமா? அலமாரி ரம்பத்தை எடுத்துத் தன் கட்டை நீளவாக்கில் அறுத்து, இரண்டு ஓடாகக் கழற்றினார். காலையில் அலமாரியில் வைப்பார், டாக்டர் வருகிற நேரம் மாட்டித் துணி சுற்றிக்கொள்வார். என் கட்டை அழுத்தி வழித்ததும் அந்தக் கைதான். படுபாவி, முகத்தில் ஒரு சுளிப்பைக் காட்டவில்லை!

மூன்று வாரம் கழித்து நான் மறுபடி போனபோது குட்டு உடைந்திருந்தது. எக்ஸ்ரேயில் பிளவு முன்னைவிட அகலம், திருகும் ஆடிப்போயிருந்தது. டாக்டர் சாந்த்ரின் சத்தம் போடவில்லை.

"இந்த எலும்புக்கு ரத்தம் ஒரு முனையிலேர்ந்துதான் வருது. உடைஞ்சா அடுத்த பாதி பட்டினி. வர்ற கொஞ்சத்தையும் நீங்க தெனம் அசைச்சு அசைச்சு அறுத்துட்டீங்க. திருகு புடிச்சுக்கும், அவ்ளோதான். ஒட்ட வேண்டியது எலும்பு."

இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து வைத்து மறுபடியும் ஆபரேஷன். இதுவும் ஒட்டாவிட்டால் அந்தக் கட்டைவிரல் இனி மாவை அழுத்தாது என்றும் சொல்லிவிட்டார். இதெல்லாம் தீபலட்சுமிதான் என்னிடம் சொன்னது.

என் கட்டைப் பிரிக்கப் போன நாளில், நோயாளி ஸ்டூலில் கலியமூர்த்தி உட்கார்ந்திருந்தார். இரண்டாவது ஆபரேஷன் முடிந்து, அவருக்குத் தையல் பிரித்து முழுக்கட்டு போடும் நாள். தீபலட்சுமி முதலில் அவர் விரல்களை முகர்ந்து பார்த்தார். பிறகு துணியை நனைத்து, கட்டைவிரலையும் சேர்த்துச் சுற்றி, அழுத்தி வழித்தார். கலியமூர்த்தி கண் இமைக்காமல் பார்த்திருந்தார். ஏதாவது குறை சொல்வார் என்று காத்திருந்தேன். காய்ந்ததும் இடது கை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார்.

"ஒரு பிசிறு இல்ல" என்றார், என்னிடம்.

தீபலட்சுமி கட்டின் மேல் தேதியை எழுதினார். மூன்று மாதம் தள்ளி. எழுதிவிட்டுக் கையை நீட்டினார்.

"சாவிண்ணா."

என் கட்டை அறுக்க ரம்பம் வேண்டுமே என்று கலியமூர்த்தி வழக்கம்போல் எழுந்து அலமாரிப் பக்கம் போனார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"தெறக்க வேணாம். குடுத்துட்டுப் போங்க."

அவர் தன் கட்டிலிருந்த தேதியைப் பார்த்தார். சட்டையைத் தூக்கி, பழக்கமில்லாத இடது கையால் ஊக்கைத் தடவித் தடவிக் கழற்ற வெகுநேரம் ஆனது. நாங்கள் யாரும் உதவிக்குப் போகவில்லை. கழன்றதும் சாவியை வேட்டியில் ஒருமுறை துடைத்து, தீபலட்சுமியின் உள்ளங்கையில் வைத்தார்.