காங்கேயம் பஸ்ஸில் ஓர் இணைச்சீர்க்காரி

கோயமுத்தூர் ஜங்ஷனில் ரயில் நின்றபோது காலை ஆறரை மணி. எல்லோரும் முண்டியடித்து இறங்கினார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். இப்படியே சென்னைக்குத் திரும்பிவிட்டால் என்ன என்று ஒரு யோசனை. போர்ட்டர் ஒருவர் எட்டிப் பார்த்து, வண்டி யார்டுக்குப் போகப்போகிறது என்றார். வேறு வழியில்லாமல் இறங்கினேன்.

மறுநாள் விடியலில் காங்கேயத்தில் என் தம்பிக்கு முகூர்த்தம். அப்பா அம்மா இல்லை. அவனுக்கு அக்கா நான் ஒருத்திதான். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. கூறைச்சேலையின் ஒரு நுனியை மாப்பிள்ளை பிடித்திருக்க, மறுநுனியைப் பிடித்துக்கொண்டு கூடப் பிறந்தவள் பக்கத்தில் நிற்க வேண்டும். கூடப் பிறந்தவள் இல்லாவிட்டால்தான் பங்காளி வீட்டுப் பெண் நிற்பாள்.

கணவரைப் பிரிந்து, சென்னையில் தனியாக வேலை பார்க்கத் தொடங்கி எனக்கு மூன்று வருஷம். போன மாதம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து தம்பியைக் கூப்பிட்டு, இணைச்சீரைப் பெரியப்பா மகள் சுமதி செய்யட்டும் என்று நானே சொல்லிவிட்டேன். யாரும் என்னை விலகச் சொல்லவில்லை. எழுந்திரு என்று யாராவது சொல்வதற்குள் நாமே எழுந்துவிட்டால் மானம் தப்பும் என்பது என் கணக்கு. அப்படித் தப்பித்துத் தப்பித்தே பாதி ஆயுசு போயாயிற்று.

ஏழரை மணிக்கு சிங்காநல்லூரில் கரூர் பஸ் ஏறினேன். காங்கேயத்துக்கு எழுபது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் பதினைந்து ரூபாய். பக்கத்து சீட்டில் வெள்ளகோவில் போகிற அம்மணி ஒருவர், என் வயதுதான் இருக்கும். சூலூர் வருவதற்குள் என் ஊர், வேலை, சம்பளம் எல்லாம் விசாரித்தாயிற்று. அடுத்து வரும் என்று நான் பயந்த கேள்வியும் வந்தது.

“ஊட்டுக்காரரு வர்லீங்களா?”

பம்பாயில் ஆடிட், லீவு கிடைக்கவில்லை என்றேன். சொன்ன வாய் சும்மா இருந்ததா? பல்லடம் போய்ச் சேர்வதற்குள் அவருக்குப் பிரமோஷன் கொடுத்து, கம்பெனி வீடும் கொடுத்துவிட்டேன். ஜாக்கெட் முதுகெல்லாம் வியர்வை.

பல்லடத்தில் டீக்கு நிறுத்தினார்கள். மறுபடி கிளம்பியதும் பச்சை குறைந்தது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடுகள், அங்கங்கே ஒரு வெள்வேல மரத்தடியில் மாடுகள்.

“அப்பறம், தம்பிக்கு இணைச்சீரு நீங்கதானுங்களே?” என்றார் அந்த அம்மணி.

சித்தப்பா மகள் செய்கிறாள் என்றேன்.

“ஏனுங்க, நீங்க இருக்கையில? வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்களா?”

“இல்லீங்க. நானேதான் வேண்டாம்னேன்.”

அவர் அப்படீங்களா என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவ்வளவு பொய்க்கு நடுவில் நான் சொன்ன ஒரே நிஜம் அது, அதைக் காதால் கேட்கச் சகிக்கவில்லை. சுமதி பெரியப்பா மகள் என்பதைக்கூட மாற்றிச் சொல்லியிருந்தேன், அத்தனை பதற்றம்.

பத்து மணிக்கு காங்கேயம். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொப்பரைத் தேங்காய்ப் பருப்பு காயும் வாசனை. தம்பி மொபெட்டோடு நின்றிருந்தான். பின்னால் உட்கார்ந்தவள், கடைவீதி தாண்டும் முன்பே சொல்லிவிட்டேன்.

“இணைச்சீர் நான் செய்யறேன்டா.”

வண்டியை ஓரங்கட்டினான். “நீதானக்கா வேண்டாம்னே? சுமதி சேலை ஜாக்கெட்டெல்லாம் எடுத்துப்போட்டா. இப்பப் போயி பெரியம்மாகிட்ட நான் எப்படிச் சொல்றது?”

“நீ சொல்ல வேண்டாம். நான் சொல்லிக்கறேன்.”

வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, மண்டபம் வரைக்கும் உறுதி நிற்கவில்லை. திருப்பிச் சொல்லிவிடலாமா என்று இரண்டு தெரு யோசித்தேன். பெரியம்மா தேங்காய்களுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார். சுற்றிலும் சொந்தக்காரப் பெண்கள், சுமதியும் இருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். பெரியம்மா கோபப்படவில்லை. அதுதான் இன்னும் சங்கடம்.

“நாலு பேரு என்ன சொல்லுவாங்கன்னு நெனச்சுப் பாத்தியா கண்ணு?”

“மூணு வருசமா அதை மட்டுந்தானுங்க பெரியம்மா நெனச்சுட்டு இருக்கறேன்.”

சுமதியின் முகம் சுண்டிவிட்டது. முன்னாடியே சொல்லியிருக்கலாமே அக்கா என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். அவள் கேட்டது நியாயம்தான். அதற்காக இந்த இடத்தை மறுபடி விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. பெரியம்மா மஞ்சள் கையைத் துடைத்தபடி, போய்க் குளித்துவிட்டு வா என்றார். சம்மதமா சலிப்பா, இன்றுவரை தெரியாது.

மாலையில் சீர் தொடங்கியது. இணைச்சீர்க்காரியைக் கூப்பிட்டார்கள். மணவறைக்கு நடக்கையில் முன்வரிசையில் இரண்டு பெண்கள் குசுகுசுத்தார்கள். என்னைப் பற்றித்தான், புருஷன் பேரோடு காதில் விழுந்தது. சென்னையில் தெருவுக்கே என் பெயர் தெரியாது, அங்கே நிமிர்ந்து நடப்பது பெரிய காரியமில்லை. இங்கே ஒவ்வொரு நாற்காலிக்கும் என் கதை தெரியும். ஆனாலும் போய் நின்றேன். சேலை நுனியைக் கையில் கொடுத்தார்கள். என் நடுக்கம் சேலை வழியாகத் தம்பிவரை போயிருக்க வேண்டும். அவன் குனிந்து மெதுவாகக் கேட்டான்.

“பயமா இருந்தா சொல்லுக்கா. சுமதியக் கூப்புடட்டுமா?”

“பயமாத்தான்டா இருக்குது,” என்றேன். “நீ நேரா நில்லு.”