துண்டுப்பிரசுரத்தில் பியற்றிஸ் அக்கா

பியற்றிஸ் அக்காவைத் தெரியாதவர்கள் எங்கள் தேவாலயப் பங்கில் இல்லை. தென் லண்டனின் தோர்ண்டன் ஹீத்தில் தமிழ்ப் பூசை முடிந்ததும் மண்டபத்தில் தேநீர் ஊற்றுபவர்களில் அவரும் ஒருவர். மன்னார் பேசாலையில் பிறந்தவர். இருபத்தேழு வயதில் லண்டனுக்கு வந்து, முதலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார், பிறகு பாடசாலைச் சமையலறையில் நின்றார். கடைசியில் வயோதிபர்களை அவரவர் வீட்டுக்கே போய்ப் பராமரிக்கும் கேரர் வேலையில் பதின்மூன்று வருடங்கள் நிலைத்துவிட்டார். காலை ஆறரைக்குக் காரை எடுப்பார். ஒருவரைக் குளிப்பாட்டி, இன்னொருவருக்கு மருந்து கொடுத்து, மற்றவருக்கு மதியச் சாப்பாட்டைச் சூடாக்கி வைத்து, ஒரு நாளைக்கு ஒன்பது வீடுகள். கார் இல்லாமல் அந்த வேலையைச் செய்ய முடியாது.

அது 2009ஆம் ஆண்டின் டீசல் கார். டீசல் கார்களிலிருந்து கரியமில வாயு குறைவாக வெளியேறுகிறது என்று சொல்லி அரசாங்கமே அந்த நாட்களில் வீதி வரியைக் குறைத்து வைத்திருந்தது. அதை நம்பித்தான் வாங்கினார். 2023 ஆகஸ்டில் அதே கார் குற்றவாளியானது. லண்டன் முழுவதற்கும் விரிவாக்கப்பட்ட கட்டணத்தின்படி, அதை வீதியில் இறக்கும் ஒவ்வொரு நாளும் பன்னிரண்டரைப் பவுண் கட்ட வேண்டும். உண்மையில் அது கரியமில வாயுவுக்கான கட்டணம் அல்ல, மூச்சைக் கெடுக்கும் வேறு புகைக்கான கட்டணம். ஆனால் எங்கள் ஆட்கள் எல்லோரும் அதைக் ‘கரிவரி’ என்றுதான் சொன்னார்கள். எரிவாயு பில், வாடகை, பாண் விலை எல்லாம் ஏறிய காலம் அது. யாரோ ஒருவரைத் திட்டியாக வேண்டியிருந்தது.

அந்த நேரத்தில்தான் யோகராஜா எங்கள் மண்டபத்துக்கு வந்தார். ஸ்ட்ரெதமிலும் தோர்ண்டன் ஹீத்திலுமாக வீடு மாற்றிக் கொடுக்கும் வான் சேவை நடத்துபவர், நன்றாகப் பேசத் தெரிந்தவர். கரிவரிக்கு எதிராக ஒரு குழுவைத் தொடங்கியிருந்தார்.

"இது ஏழைகளிலதான் விழுது. பெரிய வீட்டுக்காரர் புதுக் கார் வாங்கிப்போட்டுப் போயிடுவினம். பியற்றிஸ் அக்கா மாதிரி ஆக்கள் என்ன செய்யிறது?" என்று மேடையில் நின்று கேட்டார்.

தன் பெயர் மேடையிலிருந்து வந்தபோது பியற்றிஸ் அக்கா தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதைப் பற்றியே கதைத்தார் என்று அவருடைய கணவர் கிறிஸ்துராஜா பின்னர் சொன்னார். இருபத்தைந்து வருடத்தில் யாரும் அவருடைய வேலையைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேசியதில்லை.

ஒரு மாதத்துக்குள் அவருடைய படம் துண்டுப்பிரசுரத்தில் வந்தது. நீலச் சீருடை, கையில் கார்த் திறப்பு, பின்னால் அந்தச் சாம்பல் நிறக் கார். ‘இவரைத் தண்டிப்பதா?’ என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியிருந்தது. ஞாயிறு தோறும் பூசை முடிய பியற்றிஸ் அக்கா வாசலில் நின்று எதிர்ப்பு மனுவுக்குக் கையெழுத்து வாங்கினார். நானும் வைத்தேன். அவருக்காக வைத்தேன் என்பதுதான் சரி, யோகராஜாவுக்காக அல்ல.

அவர் பராமரித்தவர்களில் டொறீன் என்ற வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி இருந்தாள். நுரையீரல் கெட்டு, மூக்கில் குழாயோடு ஒட்சிசன் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருப்பவள். துண்டுப்பிரசுரத்தை அவளும் பார்த்துவிட்டாள். இந்த வீதிப் புகையில்தான் தன் நெஞ்சு போனது என்று சொன்னாள். பிறகு, நீ வராவிட்டால் புகை என்னைக் கொல்ல முன்னமே நான் போய்விடுவேன், அதனால் எதற்கு எதிர்ப்பு, எதற்கு ஆதரவு என்று எனக்கே தெரியவில்லை என்றும் சொன்னாள். பியற்றிஸ் அக்கா அன்றைக்குக் கொஞ்சம் குழம்பித்தான் போனார். ஆனால் மாலையில் கூட்டம் இருந்தது, போனார்.

பழைய காரை அழிக்கக் கொடுத்தால் லண்டன் நகர நிர்வாகம் இரண்டாயிரம் பவுண் உதவி தரும் என்ற செய்தி எல்லோருக்கும் தெரிந்ததுதான். கிறிஸ்துராஜா கணினியில் அந்த விண்ணப்பத்தை நிரப்பியே வைத்திருந்தார். அழுத்த வேண்டியது ஒரு பொத்தான் மட்டும்.

"போட்டுவிடும் பியற்றிஸ். அந்தக் காசோட இன்னும் கொஞ்சம் சேர்த்து ஒரு பெற்றோல் கார் எடுப்பம்."

"யோகராஜா அண்ணையிட்ட ஒருக்காக் கேட்டிட்டுப் போடுவம்" என்றார் பியற்றிஸ் அக்கா.

யோகராஜா தொலைபேசியில் பதறிப்போனார். "ஐயோ, அதை மட்டும் செய்யாதைங்கோ. நீங்கள் அவையின்ர காசை வாங்கினா எங்கட போராட்டமே முடிஞ்சுது. நான் கவுன்சிலுக்கு நிண்டு வெண்டாப் பிறகு கேரர்மாருக்கு விலக்கு எடுத்துத் தாறது என்ர பொறுப்பு. ஒருத்தரும் அப்ளை பண்ண வேண்டாம் எண்டு மற்ற ஆக்களுக்கும் சொல்லுங்கோ."

சொன்னார். தன்னோடு அதே ஏஜென்சியில் வேலை செய்த துசியந்தியிடம் முதலில் சொன்னார். பிறகு வாசலில் கையெழுத்து வைத்த பதினொரு பேரிடம். நாங்கள் ஒற்றுமையாக நின்றால் அவர்கள் இறங்கி வருவார்கள் என்று சொல்லும்போது அவருடைய குரலில் ஒரு நிமிர்வு இருந்தது. கிறிஸ்துராஜா விண்ணப்பத்தை மூடிவிட்டு இரவு ஷிப்டுக்குப் போனார். அந்தக் கதையை அவர் மறுபடி எடுக்கவில்லை.

அடுத்த வருட வசந்தத்தில் எங்கள் வட்டாரத்துக்குக் கவுன்சில் இடைத்தேர்தல் வந்தது. யோகராஜா சுயேச்சையாக நின்றார். பியற்றிஸ் அக்கா விடுமுறை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார், அதற்கும் தன் காரில்தான், அன்றைய கட்டணத்தையும் தானே கட்டினார். நூற்றிச் சொச்ச வாக்கு வித்தியாசத்தில் யோகராஜா வென்றார். மண்டபத்தில் கேக் வெட்டினார்கள். முதல் துண்டு பியற்றிஸ் அக்காவுக்கு.

பிறகு மாதங்கள் போயின. கட்டண விலக்கைப் பற்றிக் கேட்டால், பேசிக்கொண்டிருக்கிறேன் என்றார் யோகராஜா. பிறகு தொலைபேசி எடுப்பது குறைந்தது. செப்டெம்பர் நடுவில் ஒரு நாள், இனித் தாங்காது என்று பியற்றிஸ் அக்கா தானே அந்த விண்ணப்பத்தைத் திறந்தார். திட்டம் முடிவடைந்துவிட்டது, புதிய விண்ணப்பங்கள் ஏற்கப்படமாட்டா என்று திரையில் இருந்தது. முடிந்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது.

காரை என்ன விலைக்காவது விற்கலாமா என்று கேட்க டிலுக்சனின் கராஜுக்குப் போனார். டிலுக்சன் எங்கள் பங்குப் பொடியன்தான், பெரும்பாலான தமிழர்களின் வாகனங்கள் அவனிடம்தான் போகும்.

"அக்கா, நீங்கள் ஏன் அந்த நேரம் அழிக்கக் குடுக்கேல்லை?" என்று கேட்டான்.

"யோகராஜா அண்ணை வேண்டாமெண்டவர்."

டிலுக்சன் கையைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தான். "என்னக்கா சொல்லுறியள்? அவர் தன்ர ரெண்டு வானையும் போன வருசம் செப்டெம்பரிலயே குடுத்திட்டாரே. நான்தானே பேப்பர் எல்லாம் செய்து அனுப்பினனான். பெரிய காசு வந்தது அவருக்கு. உங்களுக்குத் தெரியாதே?"

போன வருடம் செப்டெம்பர். பியற்றிஸ் அக்காவின் படத்தை எடுத்த மாதம். ‘அப்ளை பண்ண வேண்டாம்’ என்று யோகராஜா பதறியது அதற்குப் பிறகு.

சனிக்கிழமை காலையில், கவுன்சிலராகிவிட்ட யோகராஜா மக்களைச் சந்திக்கும் நேரத்துக்குப் பியற்றிஸ் அக்கா நூலகத்துக்குப் போனார். முன்னால் மூன்று பேர் இருந்தார்கள். வரிசையில் காத்திருந்துதான் உள்ளே போனார்.

"அண்ணை, நீங்கள் ரெண்டு வானுக்கும் அந்தக் காசை எடுத்தனீங்களோ?"

யோகராஜா கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். "அது என்ர பிசினஸ் விசயம் பியற்றிஸ். சட்டப்படி எனக்கு உரிமை இருந்தது."

"எனக்கும் இருந்ததுதானே? என்னை ஏன் மறிச்சனீங்கள்?"

"அரசியலில மக்கள் ஒரு முகத்தைப் பாத்துத்தான் நம்புவினம். நீங்களும் கார் மாத்தியிருந்தா அந்தப் படத்துக்கு அர்த்தமில்லை. விளங்கிக்கொள்ளுங்கோ."

"அப்ப அந்த விலக்கு?"

"அது கவுன்சிலின்ர கையில இல்லை. எல்லாம் மேயரின்ர கையில."

"இது உங்களுக்கு முதலே தெரியுமோ?"

யோகராஜா மேசையிலிருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினார். பியற்றிஸ் அக்கா அழவில்லை, சத்தம் போடவுமில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். "என்ர சொல்லைக் கேட்டுப் பன்னிரண்டு பேர் அப்ளை பண்ணேல்லை. ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு வந்து இதை அவையிட்ட நீங்களே சொல்லுங்கோ. எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

"வாறன்" என்றார் யோகராஜா. வரவில்லை.

அந்த ஞாயிறு தேநீர் ஊற்றி முடித்த பிறகு பியற்றிஸ் அக்கா மண்டபத்தின் நடுவில் வந்து நின்றார். ஒலிவாங்கி இல்லை. நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னார். யோகராஜா சொன்னதைச் சொன்னார், கணவர் விண்ணப்பத்தைப் போடச் சொல்லியும் தான் அதை நம்பியதைச் சொன்னார். "அவர் என்னை ஏமாத்தினவர். ஆனா உங்களிட்ட வந்து சொன்னது அவரில்லை, நான். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார்.

பங்குச் சபையின் கஸ்பர் அண்ணை உடனே எழும்பி, அதெல்லாம் பரவாயில்லை என்று முடித்துவைக்கப் பார்த்தார். "பரவாயில்லை எண்டு நீங்கள் சொல்ல ஏலாது" என்று துசியந்தி அழுத்தமாகச் சொன்னாள். "உங்களுக்கு ஒண்டும் போகேல்லை. இரண்டு பிள்ளையளோட நான் இப்ப என்ன செய்யிறது?" தன் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வேறு சிலரும் அவளுக்குப் பின்னால் போனார்கள். நான் போகவுமில்லை, எழும்பி எதையும் சொல்லவுமில்லை. அதை நினைத்து இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

காரை லண்டனுக்கு வெளியே யாரோ சொற்ப விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். பஸ்ஸில் ஒன்பது வீடுகளுக்குப் போக முடியாது என்று ஏஜென்சி அவருக்கு நான்கு வீடுகளை மட்டும் தந்தது. டொறீனின் வீடு தூரம் என்பதால் அவளுக்கு வேறு ஒருவரை அனுப்பினார்கள். கிறிஸ்துராஜா வாரக் கடைசியிலும் ஷிப்ட் எடுக்கத் தொடங்கினார். ‘நான் சொன்னனான்தானே’ என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சுகமாயிருந்திருக்கும் என்று பியற்றிஸ் அக்கா ஒருமுறை என்னிடம் சொன்னார்.

யோகராஜா இப்போதும் கவுன்சிலர்தான். திருவிழாவுக்கு வருகிறார், முன்வரிசையில் இருத்துகிறார்கள்.

துசியந்தியும் கடைசியில் காரை விட்டுவிட்டாள். இந்தத் தை மாதம் ஒரு காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் ஏற வேண்டி வந்தது. பியற்றிஸ் அக்காவின் பக்கத்து ஆசனம் மட்டும்தான் காலியாக இருந்தது, துசியந்தி அதில் இருந்தாள். நாலைந்து தரிப்பிடங்கள் கழிந்தன.

"நீங்கள் பொய் சொல்லேல்லை எண்டு எனக்குத் தெரியும் அக்கா" என்றாள் துசியந்தி, யன்னல் பக்கம் பார்த்தபடி. "எண்டாலும் உங்களோட முந்தின மாதிரிக் கதைக்க ஏலாமக் கிடக்கு."

"ஓம் பிள்ளை" என்றார் பியற்றிஸ் அக்கா. "கதைக்க வேண்டாம். பக்கத்தில இருந்தாலே காணும்."

துசியந்தி தான் இறங்க வேண்டிய இடம் வரும்வரை அங்கேயே இருந்தாள்.