மூன்று முறை என்.டி.எஃப் எழுதிய வண்டி

காலையில் ரிசப்ஷன் கதவைத் திறக்கும்போதே யாராவது ஒருவர் செல்போனைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்பார். போனில் வீடியோ ஓடும். அதில் அவருடைய காரின் ஸ்க்ரீன் கறுத்துப்போய் இருக்கும், அல்லது பாட்டு ஓடாமல் திரையில் லோடிங் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். அவரோடு போய் வண்டியில் உட்கார்ந்து சாவியைப் போட்டால் ஸ்க்ரீன் பளிச்சென்று வரும். "இப்ப நல்லாதான் இருக்குது சார், வர்ற வழியில இப்படி இல்ல" என்பார். அவருக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம்.

திருவண்ணாமலையில், திண்டிவனம் ரோட்டில் உள்ள ஒரு கார் சர்வீஸ் சென்டரில் நான் சீனியர் சர்வீஸ் அட்வைசர். அதற்கு முன்பு பதினான்கு வருடம் ஆட்டோ எலக்ட்ரீஷியன். என் பெயர் மணிவண்ணன். மணி சார் என்றால்தான் தெரியும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒரே ஒரு வண்டியைப் பற்றி எழுதி வைக்கிறேன். பெருமைப்பட்டுக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை.

1. நம்மைப் பார்த்தால் சரியாகிவிடும் சாமான்

பழைய வண்டியில் ஹாரன் அடிக்கவில்லை என்றால் மூன்று காரணம்தான். ஃபியூஸ் போயிருக்கும், வயர் அறுந்திருக்கும், இல்லையென்றால் ஹாரனே போயிருக்கும். நாம் கண்டுபிடிக்கும்வரை பழுது அதே இடத்தில் காத்திருக்கும். டேஷ்போர்டு நடுவில் இருக்கும் இன்ஃபோடெயின்மென்ட் ஸ்க்ரீன் அப்படி இல்லை. டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் காய்ச்சல் விட்டுப்போகும் குழந்தை மாதிரி, எங்கள் கேட்டைத் தாண்டியதும் ஒழுங்காகிவிடும்.

பாட்டு மட்டும் என்றால் போகட்டும் என்று விடலாம். ஏசி, ரிவர்ஸ் கேமரா, போன், மேப் எல்லாவற்றையும் கொண்டுபோய் அந்த ஒரே கண்ணாடிக்குள் வைத்துவிட்டார்கள். கிரிவலம் வந்த பெங்களூர்க்காரர் ஒருவருக்கு ரிவர்ஸ் கேமராவில் படம் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. திரையில் தெரிந்தது காலியான இடம். பின்னால் உண்மையில் இருந்தது பூக்கடைப் பலகை. நல்லவேளை, பூக்காரம்மா டீ குடிக்கப் போயிருந்தார்.

எங்கள் கையில் இருந்த வைத்தியம் மூன்று. ஆஃப் செய்து ஆன் செய்வது, பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டுவது, சாஃப்ட்வேர் அப்டேட் போடுவது. இவற்றிலும் ஒன்றும் தெரியவில்லை என்றால் வண்டியின் வேலைச் சீட்டான ஜாப் கார்டில் என்.டி.எஃப் என்று போட்டு மூடிவிடுவோம். நோ ட்ரபிள் ஃபௌண்ட், அதாவது பழுது எதுவும் காணப்படவில்லை. பழுதை நாங்கள் கண்ணால் பார்த்தால்தான் கம்பெனி வாரண்டியில் புது ஸ்க்ரீன் கொடுக்கும். சாயங்காலத்துக்குள் கார்டை மூடாவிட்டால் மேனேஜர் கூப்பிட்டுக் கேட்பார். அதனால் அந்த மூன்று எழுத்து எங்களுக்குக் கைப்பழக்கமாகிவிட்டது.

2. மல்லாட்டை மில்காரர்

கீழ்பென்னாத்தூரில் எண்ணெய் மில் வைத்திருப்பவர் கஜேந்திரன். நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அவரை எல்லோரும் மல்லாட்டை மில்காரர் என்பார்கள். புது வண்டி வாங்கி ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. அவர் பின் சீட்டில்தான் உட்காருவார். வண்டி ஓட்டுவது ஏழுமலை. பதினோரு வருடமாக அவரிடமே வேலை செய்தவர். நாற்பது வயதிருக்கும். வண்டியை எங்களிடம் விட்டால், வேலை முடிகிறவரை வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டே இருப்பார். நாற்காலி போட்டாலும் உட்காரமாட்டார்.

முதல் தடவை முதலாளியும் டிரைவரும் சேர்ந்து வந்தார்கள். வண்டி தானாகவே போன் போடுகிறது என்பது கம்ப்ளைண்ட். அதுவும் கண்ட கண்ட ஆளுக்கு இல்லை, முதலாளியின் பங்காளி அண்ணாமலைக்கு. கிணற்று நிலம் ஒன்றுக்காக இருவருக்கும் கோர்ட்டில் கேஸ் நடக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை மில்காரர் சர்வேயரை வண்டியில் ஏற்றிக்கொண்டு அளவைப் பற்றிப் பேசிக்கொண்டே போயிருக்கிறார். பேச்சுக்கு இடைஞ்சல் என்று ஸ்பீக்கர் சத்தத்தை முழுக்கக் குறைத்து வைத்திருந்தார்கள். மறுநாள் அந்தப் பேச்சை அண்ணாமலை ஊரில் வரிக்கு வரி ஒப்பித்தாராம். ப்ளூடூத்தில் வண்டியோடு இணைந்திருந்த தன் போனை மில்காரர் எடுத்துப் பார்த்தால், அந்த நேரத்தில் அண்ணாமலைக்கு ஒன்பது நிமிடம் கால் போயிருந்தது.

மில்காரர் என்னைத் தனியாக அழைத்துப்போய்க் கேட்டார்.

"மணி, என் போனு என் பாக்கெட்ல இருக்குது. முன்னாடி ஸ்க்ரீன்கிட்ட இவன் கை போறத நானே பாத்தேன். நீ ஒண்ணே ஒண்ணு சொல்லு. அது தானா போடுமா, இல்ல இவன் போடறானா?"

ஏழுமலை சொன்னது வேறு. திரையில் கால் போவதைப் பார்த்ததும் அதைக் கட் செய்யத்தான் கையை நீட்டினாராம். பல தடவை அப்படிக் கட் செய்திருக்கிறார். ரோட்டைப் பார்த்து ஓட்டும்போது எத்தனை தடவைதான் கவனிப்பது? சர்வேயர் வந்த அன்று கவனித்தபோது ஒன்பது நிமிடம் ஓடிவிட்டிருந்தது.

நாங்கள் பார்த்தோம். ஸ்க்ரீன் தங்கமாக வேலை செய்தது. என்.டி.எஃப். இரண்டாம் தடவையும் அதே புகார், அதே என்.டி.எஃப். ஒரு அப்டேட் மட்டும் போட்டு அனுப்பினோம்.

மூன்றாம் தடவை முதலாளி ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டு வந்திருக்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது. நான் உள்ளே போகும் முன் ஏழுமலை பக்கத்தில் வந்து, மெதுவாகச் சொன்னார்.

"சார், எழுதறப்ப பாத்து எழுதுங்க. நீங்க எழுதறதுலதான் என் வேல இருக்குது."

பார்த்துத்தான் எழுதுவோம் என்றேன். அன்று சர்வீஸ் பேயில், அதாவது வண்டிகளை நிறுத்தி வேலை பார்க்கும் இடத்தில், பதினெட்டு வண்டி. டெக்னீஷியன் நாற்பது நிமிடம் உட்கார்ந்து பார்த்தான். ஒன்றும் வரவில்லை. நான் அந்த மூன்று எழுத்தைப் போட்டேன். மில்காரர் மூன்று ஜாப் கார்டையும் சீல் அடித்துப் பிரிண்ட் கேட்டார். கொடுத்தேன். அன்று சாயங்காலமே ஏழுமலையை வேலையை விட்டு அனுப்பிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்தத் தாள்களைக் கீழ்பென்னாத்தூர் டீக்கடையில் நான்கு பேருக்குக் காட்டி, "கம்பெனியே சொல்லிட்டான், வண்டியில ஒண்ணும் இல்லன்னு" என்றாராம். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் பழுது இல்லாததை இல்லை என்றுதானே எழுதினேன் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

3. தண்ணி லாரி வராத நாள்

இரண்டு மாதம் போயிருக்கும். அன்று பௌர்ணமி, வெள்ளிக்கிழமையாகவும் அமைந்துவிட்டது. எங்கள் போர்வெல் மோட்டாரின் கம்பிச் சுருள் எரிந்துபோய், மூன்று நாளாகத் தண்ணி லாரியை நம்பித்தான் வாட்டர் வாஷ் நடந்துகொண்டிருந்தது. பௌர்ணமிக் கூட்டத்துக்காக ரோட்டைத் திருப்பிவிட்டதில் லாரி ஊருக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது.

இங்கே எங்கள் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பல இடங்களில் வேலை முடிந்த பிறகுதான் வண்டியைக் கழுவுவார்கள். எங்களுக்கு வரும் வண்டிகள் வயல் சேற்றோடு வரும். சேற்றில் கை வைக்க டெக்னீஷியன்கள் முகம் சுளிப்பார்கள். அதனால் வண்டி உள்ளே வந்ததும் முதலில் வாட்டர் வாஷ். உள்ளேயும் டேஷ்போர்டு, ஸ்டியரிங், ஸ்க்ரீன் எல்லாவற்றையும் துணி போட்டுத் துடைத்துவிட்டுத்தான் சர்வீஸ் பேவுக்கு அனுப்புவோம். இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவன் நான்தான்.

அன்று காலை மில்காரர் தானே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். முன் சீட்டில் அவரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். வரும் வழியில் வண்டி இரண்டு தடவை அண்ணாமலைக்குப் போன் போட்டிருக்கிறது. அவர் கண் முன்னாலேயே. பக்கத்தில் ஆள் யாரும் இல்லை. அவருக்குக் கோபமா பயமா என்று புரியவில்லை, வார்த்தை கோவையாக வரவில்லை.

வாஷுக்குத் தண்ணீர் இல்லாததால் வண்டி நேராக சர்வீஸ் பேவுக்குப் போனது. நான் உள்ளே உட்கார்ந்து ஏசியைப் போட்டேன். என் கை மடியில் இருக்கும்போதே திரையில் போன் படம் திறந்தது. பெயர் வரிசை வந்தது. எங்கள் ஊரில் யார் போனைத் திறந்தாலும் முதல் பெயர் அண்ணாமலையாகத்தான் இருக்கும்; இவர் போனிலும் அதுதான் முதலில். அந்தப் பெயர் தானாக அமுங்கியது. கால் போனது. கட் செய்தேன். ஒரு நிமிடத்தில் மறுபடியும் போனது.

அப்போதுதான் அந்தப் பொட்டுகளைப் பார்த்தேன். சாமி படத்துக்கு வைப்பது போல ஸ்க்ரீனின் நான்கு மூலைக்கும் சந்தனம், மேலே குங்குமம். ஈரம் இன்னும் காயவில்லை. கீழ் மூலையில் இருந்த பொட்டு சரியாகப் போன் படத்தின் மேல். மேல் மூலையில் இருந்தது வரிசையின் முதல் பெயர் வரும் இடத்தில். இரண்டும் ஓரத்து வெள்ளிப் பட்டையைத் தொட்டபடி வழிந்திருந்தன. டச் ஸ்க்ரீனுக்கு விரலும் ஒன்றுதான், வழிந்த ஈரமும் ஒன்றுதான். காய்ந்தால் சும்மா கிடக்கும். ஈரம் இருக்கும்வரை வேலையைக் காட்டும்.

கைக்குட்டையால் நான்கையும் துடைத்தேன். கால் மணி நேரம் காத்திருந்தேன். திரை ஆடவில்லை அசையவில்லை. துளி சந்தனத்தைத் தண்ணீரில் குழைத்து அதே இடங்களில் வைத்ததும் மறுபடி அண்ணாமலைக்குப் போன் போனது.

முன்பு வண்டி வந்த மூன்று நாளும் வெள்ளிக்கிழமைதான்; மூன்று தடவையும் பழுதைத் துடைத்து எடுத்துவிட்டு, அப்புறம் பழுதைத் தேடியிருக்கிறோம். இத்தனைக்கும் ஒவ்வொரு தடவையும் கிலோமீட்டர் குறிக்க நான் அந்த வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறேன். பொட்டு கண்ணில் பட்டிருக்கும். எங்கள் ஊரில் பொட்டு இல்லாத வண்டி வந்தால்தான் கவனிப்போம், இருந்தால் பார்க்கமாட்டோம்.

மில்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தவர், கையை உதறினார்.

"அப்ப அவன் வெச்ச பொட்டுதானே? எப்படிப் பாத்தாலும் அவன் செஞ்சதுதானே?"

"சார், ஏழுமலை போயி ரெண்டு மாசம் ஆவுது. இது இன்னிக்கு வெச்சது."

யார் வைத்தது என்று கேட்டேன். கேட்காமல் விட்டிருக்கலாம், ஆனால் கேட்டேன்.

"நான்தான். வெள்ளிக்கெழம குளிச்சிட்டு நான்தான் வெப்பேன். வேற யாரையும் தொட வுடமாட்டேன்."

அதற்குப் பிறகு அவர் வெகுநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீ வரவழைத்தேன். அது ஆறிப்போனது.

4. மூடிய கார்டு

பத்து நாள் கழித்து ஏழுமலை பஸ்ஸில் வந்து இறங்கினார். முதலாளி ஆள் விட்டுக் கூப்பிட்டாராம், இவர் போகவில்லை. ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அன்றும் உட்காரவில்லை. நான்தான் முதலில் மன்னிப்புக் கேட்டேன். அதை அவர் கேட்டுக்கொண்டாரே தவிர, அதற்காக வந்தவர் மாதிரி தெரியவில்லை.

"முதலாளி மேல எனக்குக் கோவம் இல்ல சார். ஊர்ல எல்லாரும் அந்தப் பேப்பரப் பாத்துட்டாங்க. எம் மச்சானே, 'நீ ஏதோ பண்ணியிருக்க'ன்றான். அதுல எழுதினத மாத்தி எழுதித் தருவீங்களா?"

சிஸ்டத்தைத் திறந்து பார்த்தேன். மூடிய ஜாப் கார்டு மறுபடி திறக்காது. மேனேஜரிடம் போய்ப் புதிதாக ஒரு லெட்டராவது கொடுக்கலாம் என்றேன். தப்பு நம்முடையது என்று நாமே எழுதி சீல் அடித்துக் கொடுப்பதா என்று அவர் கேட்டார். அரை மணி நேரம் பேசியும் மசியவில்லை.

வெளியே வந்து ஒரு வெள்ளைத் தாளில் நானே எழுதினேன். வண்டி தானாகப் போன் போட்டது உண்மை, டிரைவர் சொன்னது சரி, முதலில் நாங்கள் சரியாகப் பார்க்காமல் எழுதிவிட்டோம். கையெழுத்துப் போட்டு, கீழே என் பதவியையும் எழுதிக் கொடுத்தேன். ஏழுமலை இரண்டு தடவை படித்தார். தாளைத் திருப்பி பின்பக்கத்தையும் பார்த்தார்.

"சீல் இல்லீங்களா சார்?"

"தர மாட்டேன்னுட்டாங்கப்பா."

"சீல் இருந்தத எல்லாரும் நம்புனாங்க சார்" என்றார். குரலில் குத்தல் இல்லை. நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.

இப்போது எங்களிடம் ஸ்க்ரீன் கம்ப்ளைண்ட் வண்டி எதுவும் வாஷுக்கு முதலில் போவதில்லை. சேறோடுதான் சர்வீஸ் பேவுக்கு வரும். டெக்னீஷியன்கள் என்னைத் திட்டுகிறார்கள், திட்டட்டும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பழுது இல்லை என்பதும், நாம் பார்த்தபோது வரவில்லை என்பதும் வேறு வேறு. சிஸ்டத்தில் இரண்டாவதை எழுத இடம் இல்லை. அதற்கான கட்டத்துக்குள் என்.டி.எஃப் மட்டும்தான் ஏறும். அதனால் பிரிண்ட் எடுத்த பிறகு, சீல் வைப்பதற்கு முன்னால், பேனாவால் அதன் கீழே எழுதிவிடுகிறேன்: "நாங்கள் பார்த்தபோது வரவில்லை." சீலை அந்த வரியின் மேலேயே அடிக்கிறேன்.