கரும்புச் சோகை கிழித்த என் கை

பெற்ற மகளைத் தூக்கக்கூடாது என்று என் மாமியார் சொன்ன நாளில்தான் நான் முழுசாக உடைந்துபோனேன். மகளுக்கு அப்போது இரண்டு வயது.

நான் ஐந்தாவதோடு நின்றவள். தியாகதுருகம் பக்கம் கரும்பில் காய்ந்த தோகையை, எங்கள் பேச்சில் சோகையை, உரிக்கும் வேலை. இயல்பிலேயே பயந்தவள்; நாய் ஊளையிட்டால்கூட யாருக்கு என்ன ஆச்சோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்த வருஷம் வலது கை நடுவிரலில் பட்டாணி அளவு ஒரு கட்டி வந்தது. உடைந்தது, ஆறவில்லை. மணிக்கட்டில் ஒன்று, அதற்கு மேல் ஒன்று என்று முழங்கை வரை மணி கோத்த மாதிரி வரிசையாக ஏறியது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கட்டினேன். ஊசி போட்டார்கள், மாத்திரை தந்தார்கள். எதற்கும் கேட்கவில்லை.

பெருவியாதி, குஷ்டம் என்று தெருவில் பேச்சு கிளம்பியது. என் தட்டு தனியானது.

“கொழந்தைய இப்டி குடுத்துடு. நீ அந்தாண்ட படுத்துக்கோ” என்றார் மாமியார். கெட்டவர் இல்லை, அவருக்கும் பயம். குழந்தை என்னைப் பார்த்துக் கை நீட்டும். நான் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வேன்.

மாரியம்மா, என் பிள்ளையை நான் தூக்கணும். தினமும் இது ஒன்றுதான் என் வேண்டுதல்.

பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் வீட்டுக்காரரும் கிளம்பிய அன்று பார்த்து, இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். தியாகதுருகம் வரை நடந்து வந்தோம். ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு பஸ் இல்லை. அம்மன் கோயில் வாசலில் உட்கார்ந்து, “தாயே, இருந்த ஒரு வழியையும் அடைச்சிட்டியே!” என்று சண்டை போட்டேன்.

“இன்னாத்துக்கு இப்டி அழுதுக்கினு கெடக்கிற? பஸ்ஸு வுடாமயே பூடுவானா?” என்றார் வீட்டுக்காரர்.

பக்கத்தில் பெட்டியோடு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். சேலத்திலிருந்து அவர் வந்த பஸ்ஸும் மறியலில் நின்றுவிட்டதாம். “கையில என்னம்மா?” என்றார். மறைத்தேன். “நான் தோல் டாக்டர். நீங்க போற ஆஸ்பத்திரியிலதான் வேலை. காட்டும்மா.”

முந்தானையிலிருந்து கையை எடுத்து நீட்டினேன்.

ஒரு குச்சியால் தொட்டுத் தொட்டு உணர்ச்சி தெரிகிறதா என்று கேட்டார். எல்லா இடத்திலும் தெரிந்தது. “முதல்ல விரல்ல ஏதாவது காயம் பட்டுச்சா?”

“இல்லீங்க.” முன்னே பார்த்த டாக்டர்களிடமும் இதையேதான் சொல்லியிருந்தேன்.

வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். “இவ கரும்புல சோகை உரிக்கிறவ. காஞ்ச சோகை கைய கிழிக்காத நாளு ஏதுங்க? அதப் போயி யாரு காயம்னு சொல்றா?”

நிஜம்தான். அரிவாள் பட்டால்தான் எங்களுக்குக் காயம்.

டாக்டரம்மா நெற்றியில் தட்டிக்கொண்டார். “அதுதாம்மா காயம்! செடியிலயும் மண்ணுலயும் இருக்கிற ஒரு பூஞ்சை அந்தக் கீறல் வழியா உள்ள போயிருக்கும். அபூர்வமா வர்றது. தொட்டா உணர்ச்சி இருக்கு, அதனால பெருவியாதி மாதிரி தெரியல. துளி சதை எடுத்து, அதுல பூஞ்சை வளருதான்னு பார்த்தாதான் உறுதியா சொல்லலாம்.”

பஸ் விட்டதும் போனோம். துளி சதை எடுத்தார்கள். சில வாரம் கழித்து, “பூஞ்சை வளர்ந்திடுச்சும்மா, அதேதான்” என்றார். பூஞ்சை பிடித்ததற்குச் சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்!

பாலில் சொட்டு மருந்து, மூன்று வேளை. டாக்டரம்மா சொன்னபடி சொட்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடின. வாயெல்லாம் இரும்பு ருசி. எண்ணிக்கை தவறிவிடுமோ என்று எனக்குப் பயம். வீட்டுக்காரர் சத்தமாக எண்ணி ஊற்றுவார். சில நாளில் மாமியாரும் தள்ளி நின்று கூடவே எண்ண ஆரம்பித்தார்.

கட்டிகள் ஒவ்வொன்றாக அமுங்கின. புண் காய்ந்தது. ஆறிய பிறகும் டாக்டரம்மா நிறுத்தச் சொல்லும்வரை குடித்தேன். வெள்ளியில் ஒரு கை உரு வாங்கி அம்மன் காலடியில் வைத்தேன்.

அக்கா தங்கைகளே, வழி அடைபட்டது என்று நான் அழுத இடத்திலேயே டாக்டரை உட்கார வைத்திருந்தாள் என் தாய். அவளை நம்புங்கள். நம்பி, ஆஸ்பத்திரிக்கும் போங்கள். சின்னக் கீறலைக்கூட விடாமல் சொல்லுங்கள். நான் இப்போது கையில் துணி சுற்றிக்கொண்டுதான் சோகை உரிக்கிறேன். பயம் முழுசாகப் போகவில்லை. ஆனால் பயத்தை இறக்கி வைக்க எனக்கு ஓர் இடம் இருக்கிறது.

அன்று அம்மனுக்கு உரு வைத்துவிட்டுத் திரும்பினேன். மாமியார் குழந்தையோடு நின்றிருந்தார்.

“இந்தா, உம் பொண்ணப் புடி. எனுக்கு இடுப்பு ஒடிஞ்சி போச்சி.”

வலது கையால் வாங்கினேன்.