தேர்வு மேசையில் வெண்டெல் வீட்டுத் தட்டு

வெண்டெலை நாங்கள் எல்லோரும் முதலில் பார்த்தது கண்ணாடியில்தான். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே மாட்டியிருந்த நீளக் கண்ணாடியில் அடர்ந்த புருவமும் அதற்குக் கீழே இரண்டு கண்களும் தெரியும். கொரோஷ் ஆற்றங்கரைக் கிராமங்களிலிருந்து நகரத்துப் பள்ளிக்கு அவருடைய பேருந்தில் போய்வந்த பிள்ளைகள் நாங்கள். பின்வரிசையில் கூச்சல் கூடினால் அந்தப் புருவம் ஒருதரம் ஏறி இறங்கும். பேருந்து அடங்கிவிடும்.

அப்பேர்ப்பட்ட மனிதரையே பள்ளியில் நடந்த ஒரு பெற்றோர் கூட்டம் அடக்கப் பார்த்தது.

பள்ளியிறுதி வாய்மொழித் தேர்வு ஜூனில் வரும். தேர்வுக் குழு ஆசிரியர்கள் பகல் முழுக்க உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள்; அவர்களுக்குப் பக்கத்து அறையில் தீனி பரப்புவது பெற்றோர் பொறுப்பு. அப்படிச் சட்டம் ஒன்றும் கிடையாது. ஆனால் செய்யாத வகுப்பும் கிடையாது. தட்டுகளில் பெயர் எழுத மாட்டார்கள். எது யார் வீட்டுத் தட்டு என்று மட்டும் ஒருவர் விடாமல் தெரிந்து வைத்திருப்பார்கள்.

மருந்துக்கடை ஒர்ஷோல்யாதான் அந்த வருடம் பங்கு பிரித்தாள். கேக் ஒரு வீட்டுக்கு, சாண்ட்விச் ஒரு வீட்டுக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தவள் வெண்டெலிடம் குரலைத் தணித்தாள்.

“உங்களுக்குச் சிரமம் வேண்டாம் வெண்டெல். மார்கித்தும் ஊர்ல இல்ல. நீங்க தண்ணி பாட்டிலும் கைதுடைக்கிற காகிதமும் வாங்கிட்டு வந்துடுங்க, போதும்.”

அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் சுருக்கென்றது. அவர் மனைவி மார்கித் ஆஸ்திரியாவில் ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் இங்கே. தேர்வு விழுந்தது அங்கே இருக்கும் வாரத்தில். அவர்கள் மகள் எமோகே, அந்தக் குடும்பத்தில் பள்ளியிறுதி வரைக்கும் வந்த முதல் ஆள். அவள் தேர்வன்று தம் வீட்டுப் பங்கு வெறும் தண்ணீரா?

“சீஸ் குச்சி நான் கொண்டு வர்றேன்” என்றார்.

சீஸ் தூவிச் சுடும் அந்த மாவுக்குச்சி இல்லாமல் எங்கள் பக்கத்தில் கல்யாணமும் இல்லை, கருமாதியும் இல்லை. அதனாலேயே குற்றம் சொல்லத் தெரியாத நாக்கும் இல்லை. பக்கத்தில் இருந்த இன்னொரு பிள்ளையின் அப்பா அவர் விலாவில் இடித்தார். “கடையில வாங்கி வீட்டுத் தட்டுல அடுக்கிடுய்யா. எவனுக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுமே.”

வீட்டில் எமோகே தலையில் கைவைத்துக்கொண்டாள். “அப்பா, உங்களுக்கு முட்டை பொரிக்கவே வராது. தண்ணியே போதும்ப்பா.”

“நீ போய்ப் படி. கேள்வி கேக்கப்போறது உன்னை. என்னை இல்ல.”

மார்கித் தொலைபேசியில் பக்குவம் சொன்னாள். மாவில் வெண்ணெயும் புளித்த கிரீமும் சேர்த்துப் பிசையணும், மடிச்சு மடிச்சுத் தேய்க்கணும், நடுவுல குளிர்ல வைக்கணும், மேலே முட்டை, துருவின சீஸ். “அடுப்பு பத்திரங்க” என்று முடித்தாள். சொன்னதில் எதையும் விடவில்லை வெண்டெல். ஆனால் கை சுத்தமாக இருக்கட்டும் என்று முதலில் குச்சிகளாக வெட்டினார், பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, சாயம் அடிப்பதுபோல நான்கு பக்கமும் முட்டை தடவினார். அடுப்பிலிருந்து வந்தவை எழும்பவே இல்லை. தட்டையாக, கூரைச் சட்டம் மாதிரி கிடந்தன.

தூக்கிப்போட மனம் வரவில்லை. மறுநாள் காலை ஒரு டப்பாவில் போட்டுப் பேருந்தில் வைத்தார். முதல் நிறுத்தத்தில் ஏறிய எதெல்கா, முன்னாள் தபால்காரி, ஒன்றைக் கடித்துவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏம்ப்பா வெண்டெல், என் பல்லுமேல உனக்கு என்ன பகை?”

“ருசி எப்படிக்கா?”

“ருசி இருக்கு. எழும்பலியே! ஓரத்துலயும் முட்டை பூசினியா? அது பசை மாதிரி ஒட்டிக்குமே, மடிப்பு எப்படிப் பிரியும்? பூசிட்டு வெட்டணும்டா.”

பின்னாலிருந்து கூரை வேலைக்காரன் போடோக் எழுந்து வந்தான். “அண்ணே, மிச்சத்தை எனக்குக் குடுங்க. ஓடு உடைஞ்ச எடத்துல வச்சிக்கிறேன்.”

பேருந்தே சிரித்தது. வெண்டெலும் சிரித்தார். சீஸ் பத்தாது என்றது ஒரு குரல், உப்பு அதிகம் என்றது இன்னொன்று. வாதம் முடியாமல் அன்று நகரத்துக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த டப்பாவில் கொஞ்சம் எழும்பின. அதற்கடுத்ததில் போடோக் கேலி பேசாமல் இரண்டாவது குச்சிக்குக் கைநீட்டினான். வெண்டெலுக்கு அந்தக் கை போதுமாக இருந்தது.

தேர்வன்று தட்டை எதெல்கா மடியில் வைத்துக்கொண்டு வந்தாள், ஒருவரையும் தொட விடவில்லை. எமோகே வெள்ளைச் சட்டையில், வெளிறிய முகத்தோடு சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

பள்ளியில் ஒர்ஷோல்யா தட்டின்மேல் இருந்த துணியை விலக்கிப் பார்த்தாள். அடுக்கடுக்காகப் பிரிந்து, மேலே சீஸ் பொன்னிறமாக முறுகி நின்றன குச்சிகள். “மார்கித் வந்துட்டாளா?”

“இல்லியே.”

“அப்போ?”

“நான்தான்.”

அவள் தண்ணீர் பாட்டில்களை ஓரம் தள்ளினாள். கேக்குக்குப் பக்கத்தில், மேசை நடுவில், தட்டு உட்கார்ந்தது.

அடுத்த நடைக்குப் போய்த் திரும்பி, தம் இடைவேளையில் வெண்டெல் மறுபடி பள்ளிக்கு வந்தபோது தட்டில் தூள் மட்டும் மிஞ்சியிருந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த குழுத்தலைவர் வாசல்வரை வந்து, இது யார் வீட்டுடையது என்று கேட்டாராம். சொல்ல ஒர்ஷோல்யா வாய் திறப்பதற்குள், தேர்வறையிலிருந்து வெளியே வந்த எமோகே சத்தமாகச் சொன்னாளாம்: “எங்க வீட்டுது சார். எங்க அப்பா சுட்டது.”

இதை வெண்டெலுக்குச் சொன்னது ஒர்ஷோல்யாதான். அவர் காலித் தட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தாழ்வாரத்தில் மகள் எங்கே என்று தேடினார். அவள் தோழிகள் நடுவில் நின்று அவரைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினாள். வரலாற்றில் மிக நன்று. கணக்கிலும் மிக நன்று.

எமோகே இப்போது தலைநகரில் நீர்ப்பாசனப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். மார்கித் ஆஸ்திரிய வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டாள். வெண்டெல் அதே தடத்தில் பேருந்து ஓட்டுகிறார். வீட்டில் சீஸ் குச்சி சுடுவது அவர்தான்.